ஆவாரங்குளம் லைனில் ஒரு மேடும் ஒரு பள்ளமும்

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆவாரங்குளத்து மோட்டார் லைன் போன விதம்தான் அதிசயம். அது பம்புசெட்டுகளுக்கென்றே இழுத்த தனி லைன். முறை வரும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் விடுவார்கள். தை பிறந்ததிலிருந்து அந்த ஊருக்கு மாலை முறை. சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் சாதுவாக ஓடும். இருட்டுக் கட்டுவதற்குள் கீழப்பொய்கை துணைமின்நிலையத்தில் டமார் என்று பிரேக்கர் விழுந்து லைன் செத்துவிடும். வாரத்தில் பாதி நாள் இதே கூத்து.

பிரேக்கர் விழுந்தால் கம்பி நெடுகப் போய்ப் பார்க்காமல் மறுபடி கரண்ட் விடக் கூடாது. எங்காவது கம்பி அறுந்து கிடந்து, அதை யாராவது மிதித்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே லைன்மேன் விருமாண்டி டார்ச்சும் சைக்கிளுமாகப் புறப்படுவார். அறுந்த கம்பி இருக்காது. கம்பத்தில் உடைந்த பீங்கான் இருக்காது. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் லைன் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். அதற்குள் ஊருக்கான முறையில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.

"பேயி பிசாசு வேலையா இருக்குமோ மேடம்?" என்றார் விருமாண்டி.

"பேயா இருந்தா நடுச்சாமத்துல வரணும்ணே. இது காப்பி குடிக்கிற நேரத்துக்குல்ல வருது" என்றாள் லத்தீபா.

லத்தீபா அங்கே உதவிப் பொறியாளர். கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேக் மைதீனின் மூத்த மகள். 'ஏன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டுகிறவள். பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் உங்கள் கார் ஏன் மேடு ஏறும்போது இருமுகிறது என்று கேட்டு, பானட்டைத் திறக்கச் சொல்லி, வந்த வரனை ஓட்டிவிட்டவள். அத்தாவுக்கு அதில் வருத்தம்தான். இவளுக்கு அந்தக் கார் ஏன் இருமியது என்று கடைசிவரை தெரியாமல் போனதில் வருத்தம்.

அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு லைன் கிடைத்தால் விடுவாளா? படித்த கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஆசிலாஸ்கோப்பை இரவல் வாங்கி வந்தாள். முகத்தில் பச்சைக் கோடு ஓடும் பெட்டி அது. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் ஒரு துடிப்பைக்கூடப் பிடித்துத் திரையில் நிறுத்தி வைக்கும் ரகம்.

"இதுல எப்படி மேடம் தெரியும்?" என்று விருமாண்டி கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம் இதுதான். கம்பியில் கோளாறு விழுந்த அந்தக் கணத்தில், விழுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஓர் அலை கிளம்பி ஓடுகிறது. குளத்தில் கல்லைப் போட்டால் ஓடுவது போலத்தான். ஆனால் வேகம் மட்டும் கிட்டத்தட்ட வெளிச்சத்தின் வேகம். அது துணைமின்நிலையத்தில் வந்து முட்டும், திரும்பி ஓடும், கோளாறு விழுந்த இடத்தில் முட்டி மறுபடி இங்கே வரும். முதல் முட்டலுக்கும் அடுத்த முட்டலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒரு நொடியைப் பத்து லட்சமாக வெட்டினால் வரும் துணுக்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"அம்புட்டுத்தானா!" என்றார் விருமாண்டி. அதில் பாதி கிண்டல்.

பெட்டியைப் பொருத்திய மூன்றாம் நாள் மாலை பிரேக்கர் விழுந்தது. லத்தீபா ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு சும்மா இருந்த இடத்திலிருந்து திடீரென்று எகிறி, பிறகு நெளிந்து நெளிந்து போயிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ வயக்காட்டு வெளியில் நடந்த ஒன்று தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறதே! நெளிவுகளில் ஒன்று நன்றாக எடுப்பாக இருந்தது, மேல்நோக்கி ஒரு மேடு. அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிக் கீழ்நோக்கி ஒரு பள்ளம். பள்ளத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடு வந்த நேரத்தைத் தூரமாக்கி, சுவரில் மாட்டியிருந்த லைன் படத்தின்மேல் நூலைப் பிடித்து அளந்தாள். நூல் மெயின் லைனில் போய், ஒரு கிளையில் திரும்பி, கிளையின் கடைசி ட்ரான்ஸ்பார்மரில் போய் நின்றது.

அங்கே இருந்தது ஒரே ஒரு கிணறு. ஆவாரங்குளத்து அன்னக்கொடியின் கிணறு.

செயற்பொறியாளர் வெள்ளைத்துரை மறுநாள் காலையிலேயே ஜீப்பில் வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு முடிவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இறங்குவதற்கு ஏணி தேடுகிறவரும் இல்லை. அன்னக்கொடியின் மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தார்கள். ஒயரில் ஓர் ஒட்டு, அதன்மேல் சுற்றிய பழந்துணி. அந்த வட்டாரத்தில் ஒட்டுப் போடாத மோட்டார் ஒயர் யாரிடம் இருக்கிறது? ஆனாலும் தேடி வந்தவர் கண்ணுக்குத் தேடியது கிடைத்துவிட்டது.

"இதான் வேலையா? ஒன்னால ஊரே காயுது" என்றார் வெள்ளைத்துரை. பியூஸ் கட்டைகளைப் பிடுங்கச் சொன்னார்.

அன்னக்கொடி கணவன் தவறியபின் தனியாக வெள்ளாமை பார்க்கிறவள். நெல் பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வரும் நேரம். அப்போது தண்ணீர் காட்டாவிட்டால் வருவது எல்லாம் பதராகத்தான் வரும். அந்த நெல்தான் அவளுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் வருஷச் சோறு.

"நான் ஒண்ணுஞ் செய்யல சார். பயிரு பொதியில நிக்குது, இப்பப் போயி..." என்று தொடங்கியவள், சட்டென்று ஊர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே வயல்களுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி கோயில் ஆலமரம் கருகருவென்று நின்றது. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். லத்தீபாவுக்கு அந்தப் பார்வை உறுத்தியது. ஆனால் கணக்கில் இருந்த நம்பிக்கை உறுத்தலை அமுக்கிவிட்டது.

அன்று மாலை பிரேக்கர் விழவில்லை. அதற்கு அடுத்த மாலை டமார்.

லத்தீபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் அதே மேடு அதே இடத்தில் இருந்தது. அதே பள்ளமும் இருந்தது. பியூஸைப் பிடுங்கிய கிணற்றில் எப்படிக் கோளாறு வரும்? வெள்ளைத்துரைக்கு போன் போட்டாள்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தக்காவுக்குக் கனெக்சன் குடுத்துரலாம்."

"ஏம்மா லத்தீபா, ஒன் மிசின்தான சொன்னுச்சு? இன்னிக்கு இல்லேங்குது, நாளைக்கு ஆமாங்கும். வேற எடம் எதுன்னு காட்டு. அன்னிக்கே குடுக்குறேன். அதுவரைக்கும் ஒட்டு ஒயர் ஒட்டு ஒயர்தான்."

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைக் கொண்டுபோய்ச் சேர்த்த கை தன் கை என்பது லத்தீபாவைக் குத்தியது. காலையில் பரவையில் பஸ் மாறி, இறங்கி நடந்து, நேராக அன்னக்கொடியின் கிணற்றுக்குப் போனாள். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது, போனாள்.

அன்னக்கொடி வாளியில் கயிறு கட்டித் தண்ணீர் இறைத்து வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மண் அந்தத் தண்ணீரை வாய்க்காலிலேயே குடித்துவிட்டது. மேற்கு ஓரத்து வயலில் பயிரின் தோகை சுருண்டு ஊசியாகியிருந்தது.

"வாங்க எஞ்சினியரம்மா. இன்னும் புடுங்க என்ன இருக்கு?" என்றாள் அன்னக்கொடி.

"தப்பு எம்மேலதான்க்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அன்னக்கொடி வாளியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கயிற்றைப் பார்த்தாள். முறுக்கேறிக் கிடந்தது. கயிறு கிணற்றுக்குள் நழுவிவிடக் கூடாதென்று அதன் மறுமுனையை ஒரு கல்தூணில் கட்டியிருந்தாள். முறுக்கு எடுக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்து ஓர் உதறு உதறினாள். கயிற்றில் ஒரு மேடு எழுந்து தூண்வரை ஓடியது. தூணில் முட்டித் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது அது மேடாக வரவில்லை. கீழே தொங்கும் பள்ளமாக வந்தது.

லத்தீபாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அக்கா, இன்னொருக்கா ஒதறுங்க."

"என்னது?"

"ஒதறுங்கக்கா!"

அன்னக்கொடி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உதறினாள். மேடு போனது, பள்ளம் வந்தது. பிறகு லத்தீபா தானே கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்து, கிணற்றுக்குள் நீளமாகத் தொங்கவிட்டு, மேல்முனையைப் பிடித்துச் சுண்டினாள். வளைவு கீழே ஓடி, சும்மா தொங்கிய நுனியைத் தொட்டு, மேலே வந்தது. போன பக்கமாகவே வந்தது. புரளவில்லை. மறுபடி சுண்டினாள். மறுபடியும் அப்படியே.

"நல்லாத்தான இருந்தீக?" என்றாள் அன்னக்கொடி. கோபத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லத்தீபா கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிப்போட்ட முனையில் முட்டினால் அலை தலைகீழாகத் திரும்பும். கட்டாமல் விட்ட முனையில் முட்டினால் போனபடியே திரும்பும். படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். திரையின் முன்னால் அது ஞாபகத்துக்கு வராமல் போனது. கிளைக் கம்பி ட்ரான்ஸ்பார்மரில் முடிகிறது. அவ்வளவு வேகமான அலைக்கு அது தொங்கும் நுனி மாதிரி. அங்கே எந்தக் கோளாறும் வேண்டாம், அலை சும்மா போய்த் தொட்டுவிட்டு மேடாகவே திரும்பும். அவள் பிடித்தது வெறும் நுனியின் எதிரொலி. நிஜக் கோளாறு கம்பியைக் கட்டிப்போட்ட இடம். அது புரட்டித்தான் அனுப்பும். அப்படியென்றால் அந்தப் பள்ளம்!

"அக்கா, ஒங்க கெணத்துல ஒண்ணுமில்ல. நாளைக்கு எடத்தக் காட்டிருவேன். காட்டுனா அன்னிக்கே கரண்ட் தர்றேன்னு சார் சொல்லியிருக்காரு."

அன்னக்கொடியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. போயி அளந்து பாக்கணும்."

கீழப்பொய்கைக்குத் திரும்பி, குறித்து வைத்திருந்த பள்ளத்தின் நேரத்தைத் தூரமாக்கி, மறுபடி நூலைப் பிடித்தாள். இந்த முறை நூல் கிளையில் திரும்பவில்லை. நேராக மெயின் லைனிலேயே போய், ஆவாரங்குளத்து ஊர் எல்லையில் நின்றது. கம்பி அங்கே முனியாண்டி கோயிலை ஒட்டிப் போகிறது.

மறுநாள் காலை விருமாண்டியும் அவளும் அங்கே போனார்கள். ஆலமரம் அரை ஊரை மறைத்துக்கொண்டு நின்றது. ஆனால் அதன் ஒரு கிளைகூடக் கம்பிக்கு அருகில் இல்லை. நல்ல இடைவெளி. லத்தீபா நிமிர்ந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் கறுப்புக் கறுப்பாக நூற்றுக்கணக்கில் எதுவோ தலைகீழாகத் தொங்கியது. ஒன்று இறக்கையை விரித்து மடக்கியது. நுனிக்கு நுனி இரண்டு முழத்துக்கு மேல் இருக்கும்.

"பழந்தின்னி வவ்வா" என்றார் விருமாண்டி. "முனியோட புள்ளைகன்னு சொல்லுவாக. இதுகளுக்காக இந்த ஊர்ல தீவாளிக்கு வெடிகூடப் போட மாட்டாக."

"எப்பண்ணே இதுக வெளிய கெளம்பும்?"

"பொழுதடையற நேரத்துல..." சொல்லிக்கொண்டே வந்த விருமாண்டி அப்படியே நின்றுவிட்டார்.

கம்பிக்குக் கீழே தேடினார்கள். ஓர் இறக்கைகூட இல்லை. ஆனால் வேலியோரம் சின்னச் சின்னதாகக் கிளறி மூடிய புதுமண், ஒன்றை ஒட்டி ஒன்று. மேலே பால் தெளித்த வெள்ளைத் தடம் காய்ந்திருந்தது.

"இத நான் ஏற்கெனவே பாத்தேனே! நாய் எதையோ பொதைச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்" என்று தலையில் கைவைத்தார் விருமாண்டி.

"நாய் பால் தெளிக்குமாண்ணே?"

கோயிலுக்குள்ளிருந்து பூசாரி சோணை வந்தார். அவருக்குப் பின்னால் அன்னக்கொடி நின்றாள். விடிந்ததிலிருந்தே காத்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

சோணை மறைக்கவில்லை. இறக்கை இரண்டு கம்பியில் ஒருசேரப் பட்டு, அடிபட்டு விழும் ஒவ்வொன்றையும் லைன்மேன் வருவதற்குள் எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, புதைத்துப் பால் தெளித்துவிடுவார்களாம். செத்தது முனியின் பிள்ளை. அதை வழியில் போட்டு வைக்கலாமா? ஆகவே ஊரே சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தது.

லத்தீபா அன்னக்கொடியைத்தான் பார்த்தாள். "அக்கா, ஒங்களுக்கும் தெரியுமா?"

"முந்தாநேத்து விழுந்ததுக்குப் பாலு தெளிச்சதே நாந்தான்."

"பியூசப் புடுங்குறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? மொத வேலையா மரத்தத்தான் வெட்டுவீக. நீங்க கம்பிய நகட்டுவீகளா?" அன்னக்கொடியின் குரல் உடைந்தது. "எங்கய்யா காலத்துக்கு முந்தி இருந்தே இதுக இங்கதான் தொங்குதுக. எம்பயிருக்காக அம்புட்டையும் அனாதையாக்கிட்டு, அந்தச் சோத்த எம்புள்ளைகளுக்கு எப்படித் தாயி ஊட்டுவேன்?"

லத்தீபாவுக்குக் கண் கலங்கியது. இடத்தைக் காட்டினால் அன்னக்கொடிக்குக் கரண்ட் வரும், மரம் போகும். காட்டாவிட்டால் மரம் நிற்கும், பயிர் சாகும். கண்டுபிடிப்பதில் இருந்த சந்தோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"ஏன்க்கா, இம்புட்டு நாளும் விழுந்துச்சா? போன வருசமெல்லாம்?"

"போன வருசம் எங்க விழுந்துச்சு? அப்ப நமக்குப் பகல் மொறைதான" என்றார் சோணை. "தையிலருந்துதான் இந்தப் பாவம்."

லத்தீபா விருமாண்டியைப் பார்த்தாள். விருமாண்டி லத்தீபாவைப் பார்த்தார். பகல் முறை இருந்தவரை, பகலில் வௌவால் தூங்கும், கம்பியில் கரண்ட் ஓடும். மாலையில் வௌவால் கிளம்பும், அப்போது கம்பி வெறும் கம்பி. முறையை மாற்றியவர்களுக்கு வௌவாலைத் தெரியாது. வௌவாலைத் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை.

"எல்லாம் வெளியேற எம்புட்டு நேரம்யா ஆகும்?" என்று சோணையிடம் கேட்டாள் லத்தீபா.

"வெளிச்சம் மங்குறப்ப ஆரம்பிச்சா, நல்லா இருட்டுறதுக்குள்ள போயிரும். திரும்புறது விடியக்காலம்."

"அப்ப ஒங்க மொற முடிஞ்சிருக்கும்" என்றாள் லத்தீபா. அவள் குரல் ஏறிவிட்டது. "மரமும் வேணாம், கம்பியும் நகர வேணாம். முக்கா மணி நேரம் தள்ளி சுவிட்சப் போட்டாப் போதும்! தள்ளுன நேரத்தக் கடைசில சேத்துக்கலாம்."

எதிர்பார்த்தபடியே வெள்ளைத்துரை முதலில் மரத்தை வெட்டு என்றுதான் சொன்னார். வெட்டப் போனால் ஊர் கூடும், போலீஸ் வரும், நாள்கணக்கில் இழுக்கும் என்றாள் லத்தீபா. சுவிட்சைத் தள்ளிப் போடுவதற்கு ஒரு கை மட்டும் போதும். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் பாப்போம். விழுந்துச்சுன்னா மரம் போயிரும், சொல்லிட்டேன்" என்றார். அன்னக்கொடியின் பியூஸ் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் அவர் இறங்கிய ஏணி.

அன்று மாலை லத்தீபா பெட்டியின் முன்னால் உட்காரவில்லை. அன்னக்கொடியின் கிணற்று மேட்டில் நின்றாள். விருமாண்டி பியூஸை மாட்டி, ஒட்டு ஒயரையும் மாற்றிவிட்டிருந்தார். வானம் மங்கியது. ஆலமரத்திலிருந்து முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு புகை கிளம்பியது போல் ஒரே கறுப்பு. கம்பிகளுக்கு மேலும் கீழும் நடுவிலும் புகுந்து அவர்கள் தலைக்கு மேலே மேற்கே போனது. செத்த கம்பி ஒன்றையும் ஒன்றும் செய்யவில்லை. லத்தீபா இவ்வளவு பெரிய கூட்டத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. வாய்விட்டு "யா அல்லா" என்றாள்.

கூட்டம் மெலிந்து, நின்றது. வானம் காலியானது. மோட்டார் ரூம் பல்பு பட்டென்று எரிந்தது.

"கரண்ட் வந்துருச்சு, போடுங்கக்கா!"

அன்னக்கொடி ஸ்டார்ட்டரில் கைவைத்தபடி மரத்தையே பார்த்தாள். "இரு தாயி. இன்னும் ஒண்ணு இருக்கு."

பிந்திப்போன ஒரே ஒரு வௌவால் மரத்தைவிட்டுக் கிளம்பி அசமந்தமாக வந்துகொண்டிருந்தது. கனமாகப் பறந்தது. வயிற்றோடு குட்டி ஒட்டியிருந்தது. மூன்று கம்பியிலும் இப்போது உயிர் ஓடியது. விருமாண்டி முனியாண்டியைக் கூப்பிட்டார். லத்தீபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது கம்பிகளை நோக்கித் தாழ்ந்தது, தாழ்ந்தது, கடைசி நொடியில் ஒரு வீச்சு வீசி, மேல்கம்பிக்கு ஒரு சாண் மேலே ஏறிப் போய்விட்டது. பல்பு அசையாமல் எரிந்தது.

அன்னக்கொடி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமி, குழாய் இருமி, தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது. மூன்று பேரும் வாய்க்காலோடு நடந்தார்கள். தண்ணீர் நடு வயலில் நுழைந்தது. மேற்கு ஓரத்து வயலின் மடையை மட்டும் அன்னக்கொடி திறக்கவில்லை.

"அது பிழைக்காதாக்கா?"

"பிழைக்காது."

"என்னாலதான."

"ஒன்னாலதான்" என்றாள் அன்னக்கொடி. மண்வெட்டியால் மடையை இன்னொரு தரம் அழுத்தி அடைத்தாள். "வாய மூடுன என்னாலயும்தான். பாதி ஒனக்கு, பாதி எனக்கு."

பிறகு நிமிர்ந்து மண்வெட்டியை லத்தீபாவிடம் நீட்டினாள். "அடுத்த மடைய நீ தொற தாயி. தண்ணி எந்தப் பக்கமாத் திரும்புதுன்னு பாப்போம்."

லத்தீபா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.